சிவகங்கைச் சீமையில் 1801 ஆம் ஆண்டு

1801 ஆம் ஆண்டு, சிவகங்கைச் சீமையின் வரலாற்றில் மருது சகோதரர்களின் ஆட்சி முடிவுற்று, சீமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் ஒரு ஜமீனாக மாறிய ஆண்டாகும். இவ்வாண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பியதில் தொடங்கிய நிகழ்வுகள், அக்டோபர் 1 அன்று காளையார்கோவிலின் வீழ்ச்சியிலும், அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதிலும் முடிந்தன. தென்னிந்தியாவில் 1800-1801 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற இக்கிளர்ச்சியை வரலாற்றாய்வாளர் கே. இராசய்யன் தம் நூலில் தென்னிந்தியக் கிளர்ச்சி என்று குறிப்பிட்டு, அதனை முதலாவது விடுதலைப் போர் எனக் கருதுகிறார்.

இப்போரின் நடுவிடம் காளையார்கோவில் ஆகும். சிவகங்கையிலிருந்து தொண்டி செல்லும் சாலையில் அமைந்துள்ள இவ்வூர், இன்று தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்தில் இதனைச் சுற்றி அடர்ந்த முட்காடு இருந்தது. அந்தக் காட்டை வெட்டி உள்ளே நுழையக் கம்பெனிப் படை ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று தோற்றது. அதன் பின்னர் ஒரு புதிய அரசரை அறிவித்து, மக்களின் ஒரு பகுதியினரைத் தன் பக்கம் திருப்பிய பிறகே அதனால் வெற்றி பெற முடிந்தது.

பின்னணி

காளையார்கோவிலின் பழம்பெயர் கானப்பேர் என்பதாகும். சங்க காலத்தில் இங்கு வேங்கை மார்பன் என்னும் குறுநில மன்னனின் கோட்டை இருந்தது. பாண்டியன் உக்கிரப் பெருவழுதி அதனைக் கைப்பற்றியதைப் புறநானூற்றின் 21 ஆம் பாடல் குறிப்பிடுகிறது. ஆழ்ந்த அகழியும் அடர்ந்த காவற்காடும் கொண்ட அரணாகவே அப்பாடலிலும் இவ்வூர் காட்டப்படுகிறது. பின்னர் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய சிவத்தலமாக இது விளங்கியது.

சிவகங்கைச் சீமை, இராமநாதபுரம் சேதுபதிகளின் நாட்டிலிருந்து பிரிந்து 1730 ஆம் ஆண்டளவில் சசிவர்ணத் தேவரின் ஆட்சியில் தனியரசாயிற்று. அவருக்குப் பின் அவர் மகன் முத்துவடுகநாதத் தேவர் ஆட்சி செய்தார். ஆற்காடு நவாப் முகமது அலி, சீமை தனக்குத் திறை செலுத்த வேண்டும் என்று கோரினார். முத்துவடுகநாதர் அதற்கு இணங்கவில்லை. 1772 இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் இணைந்து சீமைக்குள் நுழைந்தன. கம்பெனிப் படைக்கு ஜோசப் ஸ்மித்தும் போன்ஜோரும் தலைமை தாங்கினர். 1772 ஜூன் 25 அன்று காளையார்கோவிலில் நடந்த தாக்குதலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். நவாப் சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயர் மாற்றினார்.

அரசி வேலு நாச்சியார், அமைச்சர் தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள் ஆகியோர் திண்டுக்கல் அருகே விருப்பாட்சியில் அடைக்கலம் பெற்றனர். அங்கிருந்து மைசூரின் ஐதர் அலியின் உதவியைப் பெற்று, 1780 இல் சீமையை மீட்டனர். வேலு நாச்சியார் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். ஆயினும் படையும் நிருவாகமும் மருது சகோதரர்களின் கையில் இருந்தன.

மருது சகோதரர்கள்

மூத்தவரான பெரிய மருதுவும் இளையவரான சின்ன மருதுவும் நரிக்குடி அருகே முக்குளத்தைச் சேர்ந்தவர்கள். முத்துவடுகநாதரின் பணியில் சேர்ந்து படைத்தலைவர்களாக உயர்ந்தவர்கள். பெரிய மருது, வெள்ளை மருது என்றும் அழைக்கப்பட்டார். கம்பெனி ஆவணங்கள் இவர்களைச் சேர்வைக்காரர்கள் என்றே குறிப்பிடுகின்றன.

இவ்விருவரைப் பற்றிய நேரடிக் குறிப்புகளில் முதன்மையானவை, கம்பெனிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியவையாகும். இவர் 1795 ஆம் ஆண்டளவில் மதுரையில் இருந்தபோது மருது சகோதரர்களுடன் பழகியவர். 1830 இல் வெளிவந்த தம் படைத்துறை நினைவுக் குறிப்புகளில், பெரிய மருது ஆட்சிப் பொறுப்பில் நாட்டமின்றி வேட்டையில் காலம் கழித்தவர் என்றும், நாணயத்தை விரல்களால் வளைக்கும் வலிமை கொண்டவர் என்றும் வெல்ஷ் எழுதியுள்ளார். சின்ன மருது நாட்டின் நிருவாகத்தைக் கவனித்தவர், எளிதில் அணுகத்தக்கவர் என்றும், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்றும் குறிப்பிட்டுள்ளார். 1801 இல் இதே வெல்ஷ், சின்ன மருதுவை எதிர்த்து வந்த படையில் இருந்தார்.

மருது சகோதரர்களின் காலத்தில் சீமையில் பல கோயில் திருப்பணிகள் நடைபெற்றன. காளையார்கோவிலில் உள்ள ஒன்பது நிலை இராசகோபுரம் இவர்கள் கட்டியது. இதற்கான செங்கற்கள் மானாமதுரையிலிருந்து மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொண்டுவரப்பட்டவை என்பது செவிவழிச் செய்தியாகும். குன்றக்குடியிலும் இவர்களது திருப்பணிகள் உள்ளன.

வேலு நாச்சியார் 1796 இல் காலமானார். அவருடைய மகள் வெள்ளச்சி நாச்சியாரின் கணவர் வேங்கன் பெரிய உடையாத் தேவர் பெயரளவில் அரசராக இருந்தார். அரசகுடியில் பிறவாத இருவர் ஓர் அரசரை முன்னிறுத்தி ஆட்சி நடத்திய இந்நிலை, 1801 இல் கம்பெனிக்குப் பயன்பட்டது.

கம்பெனியுடன் பிணக்கு

1792 ஆம் ஆண்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பாளையங்களிடமிருந்து திறை வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி பெற்றது. அதுவரை நவாபுக்கும் பாளையக்காரர்களுக்கும் இடையே இருந்த வழக்கு, இதன் பின் கம்பெனிக்கும் பாளையக்காரர்களுக்கும் இடையேயான நேரடி மோதலாயிற்று. 1795 இல் இராமநாதபுரத்தின் முத்துராமலிங்க சேதுபதி பதவி நீக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். 1799 அக்டோபர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்.

இதனையடுத்து, விருப்பாட்சி கோபால நாயக்கர், மருது சகோதரர்கள், கொங்கு நாட்டுத் தலைவர்கள், மலபாரின் பழசி ராசா ஆகியோருக்கிடையே தொடர்புகள் வலுப்பெற்றன. 1800 ஜூன் மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்த கம்பெனிப் படையைத் தாக்கக் கிளர்ச்சியாளர் செய்த முயற்சி தோல்வியடைந்தது. 1801 இல் கோபால நாயக்கரும் பிடிபட்டார்.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து சிறுவயல் வரை

1801 பிப்ரவரி 2 அன்று இரவு ஊமைத்துரையும் அவருடன் சிறையிலிருந்தவர்களும் பாளையங்கோட்டையிலிருந்து தப்பினர். அவ்விரவில் ஆங்கிலேய அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் வீட்டில் விருந்துண்டுகொண்டிருந்தனர் என்று வெல்ஷ் எழுதுகிறார். தப்பியவர்கள் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்து, 1799 இல் இடிக்கப்பட்டிருந்த கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினர். சிறிய படையுடன் அங்கு சென்ற மெக்காலே, எழுந்து நின்ற மதில்களைக் கண்டு திரும்ப வேண்டியதாயிற்று. மார்ச் 31 அன்று அவர் மேற்கொண்ட பெருந்தாக்குதலும் தோல்வியடைந்தது.

இதன் பின் படைத்தலைமை இலெப்டினன்ட் கர்னல் அக்னியூவிடம் ஒப்படைக்கப்பட்டது. கூடுதல் பீரங்கிகளும் படைகளும் வந்து சேர்ந்தன. மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. காயமடைந்த ஊமைத்துரை தப்பிச் சென்று சிவகங்கைச் சீமையை அடைந்தார். கல்லல் அருகே உள்ள அரண்மனை சிறுவயலில், தமது இருப்பிடத்தில் சின்ன மருது அவருக்கு அடைக்கலம் அளித்தார்.

ஊமைத்துரையை ஒப்படைக்குமாறு கம்பெனி கோரியது. சின்ன மருது மறுத்தார். கம்பெனியின் பார்வையில் இது வெளிப்படையான போர் அறிவிப்பாயிற்று. சீமையின் ஆட்சியாளர்களோ, 1772 இல் தாங்களே விருப்பாட்சியில் அடைக்கலம் பெற்று உயிர் பிழைத்தவர்கள்.

திருச்சிராப்பள்ளி அறிக்கை

1801 ஜூன் மாதத்தில் சின்ன மருதுவின் பெயரில் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. இதன் ஒரு படி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் மாளிகை வாயிலிலும், மற்றொன்று திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டன. நாவலந்தீவு எனப் பொருள்படும் ஜம்புத்தீவின் மக்களை விளித்து எழுதப்பட்டதால் இது ஜம்புத்தீவு அறிக்கை என்று வழங்கப்படுகிறது. திருச்சிராப்பள்ளி கம்பெனிப் படையின் முதன்மையான நிலைகளுள் ஒன்றாக இருந்த நகரமாகும். அங்கேயே இது ஒட்டப்பட்டது குறிப்பிடத்தக்கது.

அறிக்கையின் முதன்மையான கருத்துகள் பின்வருமாறு:

* நவாப் முகமது அலி அறியாமையால் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்து, ஆட்சி உரிமையை இழந்தார்.
* ஐரோப்பியர் நம்பிக்கைத் துரோகம் செய்து நாட்டைத் தமதாக்கிக் கொண்டனர். மக்களை இழிவாக நடத்துகின்றனர்.
* மக்களிடையே ஒற்றுமை இல்லாததே இந்நிலைக்குக் காரணம். அதனால் வறுமையும் பெருகிவிட்டது.
* அந்தணர் முதலிய எல்லா வருணத்தாரும் முசுலிம்களும் ஒன்றுபட்டுப் போராட வேண்டும். கம்பெனிப் படையில் பணிபுரியும் உள்நாட்டு வீரர்களும் தம் வீரத்தை ஐரோப்பியருக்கு எதிராகக் காட்ட வேண்டும்.
* மரபுவழி ஆட்சியாளர்களுக்கு அவரவர் உரிமை திரும்பக் கிடைக்க வேண்டும். நவாபுக்கும் அவருக்குரிய இடம் உண்டு.

அறிக்கையின் இறுதியில் மருதுபாண்டியன், தன்னைப் பேரரசர்களின் ஊழியன் என்றும், ஐரோப்பியரின் தீராப்பகைவன் என்றும் குறிப்பிட்டுக்கொள்கிறார். தன் சீமையை மட்டும் காக்கும் நோக்கில் இது எழுதப்படவில்லை. சாதி, சமயம், சீமை எல்லைகளைக் கடந்து அந்நிய ஆட்சிக்கு எதிராக எழுமாறு பொதுமக்களுக்கு விடுக்கப்பட்ட அழைப்பு என்ற வகையில் இது முன்னோடியான ஆவணமாகக் கருதப்படுகிறது. அதே வேளையில், பழைய அரசுரிமைகளை மீட்பதே இதன் நோக்கம் என்பதால், இதனைப் பிற்காலத் தேசியக் கருத்துடன் அப்படியே ஒப்பிட இயலாது.

இரு தரப்புகள்

கிளர்ச்சியாளர்களுக்குச் சிவகங்கைச் சீமையுடன் இராமநாதபுரம் சீமையிலும் ஆதரவு இருந்தது. 1799 இல் முதுகுளத்தூர்ப் பகுதியில் கிளர்ச்சி செய்த சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் மருது சகோதரர்களுடன் இணைந்து செயற்பட்டார். ஈட்டி, வாள், வளரி ஆகியவற்றுடன் துப்பாக்கிகளும் இவர்களிடம் இருந்தன. நேருக்கு நேர் போரிடுவதைத் தவிர்த்து, வழியில் செல்லும் படையைக் காட்டு மறைவிலிருந்து தாக்குவதும், உணவு வண்டிகளைக் கைப்பற்றுவதும் இவர்களின் முறையாக இருந்தன.

கம்பெனியின் பக்கம் புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரம் பாளையக்காரரும் இருந்தனர். புதுக்கோட்டையிலிருந்து படையும் உணவுப் பொருட்களும் கிடைத்திராவிட்டால், கம்பெனிப் படை சீமைக்குள் பல வாரங்கள் நிலைத்திருப்பது கடினமாகியிருக்கும். இவ்வுதவிக்காக 1803 இல் கீழாநிலைக் கோட்டையும் அதனைச் சேர்ந்த பகுதியும் தொண்டைமானுக்கு வழங்கப்பட்டன. எனவே இப்போரை ஆங்கிலேயருக்கும் தமிழருக்கும் இடையேயான போர் என்று மட்டும் சுருக்கிக் கூற இயலாது.

இதே காலத்தில் ஆற்காட்டிலும் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. நவாப் உம்தத்-உல்-உமரா ஜூலை 15 அன்று இறந்தார். ஜூலை 31 அன்று புதிய நவாப் அசீம்-உத்-தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கர்நாடகப் பகுதியின் முழு நிருவாகமும் கம்பெனியின் கைக்கு மாறியது. சிவகங்கைப் போர் தொடங்கியபோது நவாபின் பெயரால் நடந்தது. முடிந்தபோது கம்பெனியே நாட்டின் ஆட்சியாளராகியிருந்தது.

காட்டுப் பாதை

ஜூன், ஜூலை மாதங்களில் அக்னியூவின் படை இராமநாதபுரம், மதுரைப் பகுதிகளின் வழியே நகர்ந்தது. வழியெங்கும் கிளர்ச்சியாளர்களின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மற்றொரு படைப்பிரிவு இலெப்டினன்ட் கர்னல் இன்னஸ் தலைமையில் வந்து அதனுடன் சேர்ந்தது. ஜூலை இறுதியில் படை ஒக்கூர் வழியாகச் சிறுவயலை அடைந்தது. ஊர் எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று கருதிய மருது சகோதரர்கள், தம் வீடுகள் உட்பட அதனைத் தாமே எரித்துவிட்டுக் காளையார்கோவிலுக்குப் பின்வாங்கியிருந்தனர்.

சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டின் நடுவே நேர் பாதை ஒன்றை வெட்டிச் செல்வதென அக்னியூ முடிவு செய்தார். பீரங்கிகளை இழுத்துச் செல்லப் போதிய அகலமுள்ள பாதை தேவைப்பட்டது. மரம் வெட்டுவோர் முன்னே செல்ல, அவர்களுக்குக் காவலாகப் படைவீரர்கள் சென்றனர். முட்புதர்களின் மறைவிலிருந்து கிளர்ச்சியாளர்கள் நாள்தோறும் தாக்கினர். வெட்டிய பாதையின் குறுக்கே தடுப்புகள் எழுப்பப்பட்டன. படையின் பின்புறத்தில் உணவு வரும் வழியும் தாக்கப்பட்டது. வெயிலாலும் நோயாலும் வீரர்கள் தளர்ந்தனர்.

ஆகஸ்டு மாதம் முழுவதும் இம்முயற்சி நீடித்தது. எனினும் பாதை காளையார்கோவிலை எட்டவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ அதனைக் கைவிட்டுப் படையைப் பின்வாங்கினார். பாஞ்சாலங்குறிச்சியின் மதில்களைத் தகர்த்த பீரங்கிகள் இங்குப் பயன்படவில்லை. தகர்ப்பதற்கு இங்கு மதில் இல்லை. காடே அரணாக இருந்தது.

சோழபுரத்தில் புதிய அரசர்

அதன் பின் கம்பெனி வேறு வழியைக் கையாண்டது. மருது சகோதரர்கள் அரசகுடியினர் அல்லர், அரசுரிமையைப் பறித்துக்கொண்ட ஊழியர்கள் என்ற வாதத்தை அது முன்வைத்தது. சசிவர்ணத் தேவரின் வழியினர் என்று உரிமை கோரிய படமாத்தூர் கௌரி வல்லபப் பெரிய உடையாத் தேவர், மருது சகோதரர்களுடன் பகைகொண்டு சீமையை விட்டு வெளியேறி அறந்தாங்கிப் பகுதியில் வாழ்ந்து வந்தார். அவரைக் கம்பெனி அழைத்து வந்தது. 1801 செப்டம்பர் 12 அன்று சோழபுரத்தில் நடைபெற்ற சடங்கில் அவர் சிவகங்கையின் உரிமையாளராக அறிவிக்கப்பட்டார்.

இந்த அறிவிப்பால் ஏற்பட்ட விளைவை மூன்று வகையாகக் காணலாம். முதலாவதாக, சீமையின் பழைய அரசகுடியிடம் பற்றுக் கொண்டிருந்தவர்கள், ஆங்கிலேயருக்குப் பணிகிறோம் என்ற உணர்வின்றி மருது சகோதரர்களை விட்டு விலக வழி ஏற்பட்டது. இரண்டாவதாக, சரணடைவோருக்கு மன்னிப்பு உண்டு என்ற உறுதி ஊர்த்தலைவர்களை ஈர்த்தது. மூன்றாவதாக, காட்டின் ஒற்றையடிப் பாதைகளை அறிந்த உள்ளூர் மக்களின் உதவி கம்பெனிப் படைக்குக் கிடைத்தது. ஒரு மாதம் கோடரியால் திறக்க முடியாத காட்டின் வழிகள், மூன்று வாரங்களுக்குள் திறந்தன.

காளையார்கோவிலின் வீழ்ச்சி

1801 செப்டம்பர் இறுதியில் கம்பெனிப் படை மூன்று பிரிவுகளாகக் காளையார்கோவிலை நோக்கி நகர்ந்தது. அக்னியூ, இன்னஸ் ஆகியோரின் பிரிவுகள் வெவ்வேறு திசைகளில் முன்னேறின. இலெப்டினன்ட் கர்னல் ஸ்பிரை தலைமையிலான பிரிவு, இரவு நேரத்தில் யாரும் எதிர்பாராத காட்டு வழியொன்றின் மூலம் ஊரை நெருங்கியது. அக்டோபர் 1 அன்று காலையில் காளையார்கோவில் கைப்பற்றப்பட்டது.

பல வாரங்கள் நீடித்த எதிர்ப்பு ஒரே நாளில் முடிந்தது. மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தம்மைச் சேர்ந்தவர்களுடன் வெவ்வேறு காடுகளுக்குள் சிதறினர். காளையார்கோவில் 1772, 1789, 1801 ஆகிய மூன்று ஆண்டுகளில் கம்பெனிப் படையெடுப்பைச் சந்தித்தது. முதலிரு முறையும் சீமையின் தலைவர்கள் விருப்பாட்சிக்குச் சென்று உயிர் தப்பி மீண்டு வந்தனர். 1801 இல் விருப்பாட்சியும் கம்பெனியின் வசமாகியிருந்தது. மைசூரில் திப்பு சுல்தானும் இல்லை. தப்பிச் செல்ல இடமில்லாத நிலையே இம்முறை வேறுபாடாக இருந்தது.

திருப்பத்தூரில் தூக்கு

தேடுதல் வேட்டையில் அக்டோபர் மாதத்திலேயே மருது சகோதரர்கள் பிடிபட்டனர். சின்ன மருது தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிக்கப்பட்டார் என்று வெல்ஷ் எழுதுகிறார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களின் ஆண் மக்களும் உறவினர்களும் உடனிருந்தோரும் இவ்வாறே கொல்லப்பட்டனர். அன்று கொல்லப்பட்டோர் சுமார் 500 பேர் என்பது மரபுவழிச் செய்தியாகும்.

ஊமைத்துரையும் அவருடைய சகோதரர் செவத்தையாவும் பிடிபட்டு, நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டனர். 1802 பிப்ரவரியில் 70 இற்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் நாடு கடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி இவர்களுள் ஒருவர். அப்போது அவர் சிறுவர். வேங்கன் பெரிய உடையாத் தேவரும் நாடு கடத்தப்பட்டார். அவர் சுமத்திராவின் பெங்கூலனில் இறந்தார்.

1818 இல் பினாங்கு சென்ற வெல்ஷ், அங்கே தன்னைக் காண வந்த துரைசாமியைச் சந்தித்ததைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். தமக்கு வளரி வீசக் கற்றுத் தந்தவரின் மகன், பதினாறு ஆண்டுகள் கடந்தும் நாடு திரும்ப இயலாதவராக அங்கு இருந்தார்.

கோபுரம் பற்றிய மரபும் ஆவணங்களும்

சிவகங்கை, காரைக்குடி வட்டாரங்களில் இப்போரின் முடிவு வேறு வகையாகவும் சொல்லப்படுகிறது. மருது சகோதரர்கள் சரணடையாவிட்டால், அவர்கள் கட்டிய காளையார்கோவில் கோபுரத்தைப் பீரங்கியால் தகர்ப்போம் என்று ஆங்கிலேயர் அறிவித்தனர் என்றும், கோபுரத்தைக் காக்கும் பொருட்டு அவர்கள் தாமே வந்து சரணடைந்தனர் என்றும் அம்மரபு கூறுகிறது. தம் தலைகளைக் கோபுரத்துக்கு எதிரே புதைக்க வேண்டும் என்பது அவர்களின் இறுதி விருப்பம் என்றும் கூறப்படுகிறது.

வெல்ஷின் நூலில் கூறப்படுவது சரணடைதல் அன்று. காட்டில் காயத்துடன் பிடிக்கப்பட்டதாகும். எனவே, கோபுரத்திற்காகச் சரணடைந்தனர் என்பதை ஆவணச் சான்றுடைய செய்தியாகக் கொள்ள முடியாது. எனினும், வெல்ஷின் குறிப்புகள் வென்ற தரப்பைச் சேர்ந்தவை என்பதையும், தோற்றவர்களின் வாக்குமூலம் அவற்றில் இடம்பெறவில்லை என்பதையும் கருத வேண்டும்.

இம்மரபு வேறொரு வகையில் பொருளுடையது. கம்பெனி இவர்களை அரசுரிமையைப் பறித்த ஊழியர்கள் என்றது. ஊர் மக்களின் நினைவோ, கோயிலுக்காக உயிர் தந்தவர்கள் என்று அவர்களை நிலைநிறுத்தியது. கோயிலைக் கட்டுவதும் காப்பதும் அரசரின் கடமை என்பது தமிழகத்தின் பழைய வழக்கு. அந்தக் கடமையை நிறைவேற்றியவர்களாக அவர்களைக் காட்டுவதன் மூலம், சோழபுரத்தில் மறுக்கப்பட்ட உரிமையை இம்மரபு அவர்களுக்குத் திருப்பித் தருகிறது.

விளைவுகள்

பாளையக்காரர் முறையின் முடிவு: 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பின்படி, தென்பகுதி மக்கள் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. ஊர்க்காவலும் படையும் வைத்திருந்த பாளையக்காரர்கள், வரி வசூலித்துச் செலுத்தும் ஜமீன்தார்களாக மாறினர். வளரி போன்ற ஆயுதங்கள் நாளடைவில் புழக்கத்திலிருந்து மறைந்தன. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வளரிகள் பாதுகாக்கப்படுகின்றன.

சிவகங்கை ஜமீன்: 1803 இல் நிலையான வரித்திட்டத்தின் கீழ் கௌரி வல்லபருக்குச் சன்னது வழங்கப்பட்டது. அவர் 1829 இல் இறந்த பின் வாரிசுரிமை வழக்குகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. அவருடைய மகள் காத்தம நாச்சியார் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1863 இல் முடிவுற்றது. சிவகங்கை ஜமீன் பழைய அரசகுடியிலிருந்து வழிவழியாக வந்த சொத்தன்று, கம்பெனியிடமிருந்து கௌரி வல்லபர் தாமே பெற்ற தனிச்சொத்து என்று கவுன்சில் கொண்டது. அதனால் பங்காளிகளை விட மகளின் உரிமை மேலோங்கியது. 1801 இல் பழைய அரசகுடியின் உரிமையாளர் என்ற பெயரில் கௌரி வல்லபர் முன்னிறுத்தப்பட்டார். 62 ஆண்டுகளுக்குப் பின், அவர் பெற்றது பழைய உரிமையன்று, புதிய கொடை என்று சட்டம் கூறியது. இத்தீர்ப்பு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

ஜமீன்தாரி முறை 1948 ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது.

நினைவுகள்

மருது சகோதரர்களின் நினைவிடம் காளையார்கோவில் கோயிலின் எதிரே உள்ளது. அவர்களின் தலைகள் இங்கு அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படுகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 27 அன்று இங்கு குருபூசை நடைபெறுகிறது. திருப்பத்தூரில் சுவீடிஷ் மிஷன் மருத்துவமனை அருகே அவர்களின் மற்றொரு நினைவிடம் உள்ளது. அக்டோபர் 24 அங்கு நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்திய அஞ்சல் துறை 2004 இல் மருது சகோதரர்களுக்கும், 2008 இல் வேலு நாச்சியாருக்கும் அஞ்சல் தலைகள் வெளியிட்டது.

காரைக்குடி அருகே சிறுகூடல்பட்டியில் பிறந்த கவிஞர் கண்ணதாசன், 1959 இல் "சிவகங்கைச் சீமை" என்னும் திரைப்படத்தைத் தயாரித்தார். "சிவகங்கைச் சரித்திரக் கும்மி", "சிவகங்கைச் சரித்திர அம்மானை" ஆகிய கதைப்பாடல்கள் இவ்வரலாற்றைக் கூறுகின்றன. எஸ். எம். கமாலின் "சீர்மிகு சிவகங்கைச் சீமை", கே. இராசய்யனின் ஆய்வு ஆகியவை இக்காலம் குறித்த நூல்களுள் குறிப்பிடத்தக்கவை.

1801 - காலவரிசை

* பிப்ரவரி 2 - ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புதல்.
* மார்ச் 31 - பாஞ்சாலங்குறிச்சி மீதான மெக்காலேயின் தாக்குதல் தோல்வி.
* மே 24 - பாஞ்சாலங்குறிச்சி வீழ்ச்சி. ஊமைத்துரை சிறுவயலில் அடைக்கலம் பெறுதல்.
* ஜூன் - திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் ஜம்புத்தீவு அறிக்கை.
* ஜூலை 31 - கர்நாடக உடன்படிக்கை. ஏறத்தாழ இதே நாட்களில் சிறுவயலில் காடு வெட்டும் பணி தொடக்கம்.
* செப்டம்பர் தொடக்கம் - காட்டுப் பாதை முயற்சி கைவிடப்படுதல்.
* செப்டம்பர் 12 - சோழபுரத்தில் கௌரி வல்லபர் அறிவிக்கப்படுதல்.
* அக்டோபர் 1 - காளையார்கோவில் வீழ்ச்சி.
* அக்டோபர் 24 - திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்படுதல்.
* நவம்பர் 16 - பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை, செவத்தையா தூக்கிலிடப்படுதல்.
* டிசம்பர் 1 - ஆயுதத் தடை அறிவிப்பு.